ஹாலேயில் ஒரு தரங்கம்பாடி நாட்குறிப்பு: பழைய ஜெர்மன் கையெழுத்து படிக்க வராமல் போன ஒரு நிகழ்வு ஆய்வு

ஜெர்மனியின் ஹாலே நகரில் இருக்கும் பதினெட்டாம் நூற்றாண்டுத் தரங்கம்பாடி ஆவணங்களைப் படிக்கப் போன தமிழ்நாட்டு ஆய்வாளர் ஒருவர் சந்தித்த சிக்கலை இந்தக் குறிப்பு பதிவு செய்கிறது. அவருடைய ஒப்புதலோடு, அவருடைய வேலைக் குறிப்பேட்டையும் எங்களுக்குள் நடந்த மின்னஞ்சல்களையும் வைத்து எழுதியிருக்கிறேன். யாருடைய பெயரும் இல்லை. ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கப்படாததால் கோப்பு எண்களும் இல்லை. ஜெர்மன் எழுத்துகளை என், யு, இ, எஸ் என்று ஆங்கில எழுத்துப் பெயர்களாலேயே குறிக்கிறேன். படிப்பவர்களுக்கு அதுதான் வசதி.

பின்னணி

ஆய்வாளர் காவிரிப் படுகையில் ஒரு கல்லூரியின் வரலாற்றுத் துறை விரிவுரையாளர். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள், 1730-களிலும் 1740-களிலும் தரங்கம்பாடியின் புராட்டஸ்டன்ட் மிஷனில் வேலை பார்த்த தமிழ் உபதேசியார்கள், அதாவது குருப்பட்டம் இல்லாமல் மதபோதனை செய்தவர்கள். 1733-இல் குருப்பட்டம் பெற்ற ஆரோனைப் பற்றி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அவருக்குக் கீழே கிராமம் கிராமமாக அலைந்தவர்கள் என்ன சம்பளம் வாங்கினார்கள், அதை யார் நிர்ணயித்தார்கள், தகராறு வந்தால் எப்படி முடிந்தது என்பதுதான் இவருடைய கேள்வி.

அதற்கு ஏன் ஹாலே வரை போக வேண்டும்? தரங்கம்பாடி டேனியர் வசம் இருந்த ஊர். மிஷனுக்கு ஆதரவு தந்தவர் டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக். ஆனால் 1706 ஜூலை 9-ஆம் தேதி அங்கே வந்து சேர்ந்த சீகன்பால்கும் புளூட்சோவும் ஜெர்மானியர்கள். அவர்களுக்குப் பின்வந்த மிஷனரிகளில் பெரும்பாலோரும் அப்படியே. அவர்கள் கடிதமும் நாட்குறிப்பும் எழுதியனுப்பியது ஹாலேயில் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1698-இல் தொடங்கிய அறநிலையங்களுக்கு. அங்கிருந்துதான் ஆளும் பணமும் மருந்தும் புத்தகமும் வந்தன. ஆகவே கோட்டைக் கணக்கு டேனிஷ் மொழியிலும், மிஷனின் அன்றாடம் ஜெர்மனிலும் கிடக்கின்றன.

அந்த நாட்குறிப்புகளில் பெரும்பகுதி அச்சிலும் உண்டு. 1710 முதல் 1772 வரை தொடர்ச்சியாக வெளிவந்த, ‘ஹாலே அறிக்கைகள்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வரிசை அது. ஆனால் அது நன்கொடையாளர்களை மனதில் வைத்துத் தொகுக்கப்பட்டது. உள்சண்டை, சம்பளப் பேச்சு, ஒருவர்மேல் ஒருவர் குறை சொன்னது எல்லாம் ஹாலேயில் தொகுப்பாசிரியரின் மேசையைத் தாண்டவில்லை. சம்பளத் தகராறைத் தேடுபவருக்கு அச்சுப்பிரதி போதாது. கையெழுத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

கிளம்பும்போது ஆய்வாளரிடம் மூன்று தகுதிகள் இருந்தன. சென்னையில் படித்துத் தேறிய பி1 என்ற இடைநிலை ஜெர்மன். ஹாலே அறிக்கைகளின் ஃப்ராக்டூர் என்ற பழைய ஜெர்மன் அச்செழுத்தைத் தடையில்லாமல் வாசிக்கும் பழக்கம். ஓலைச்சுவடிப் பயிற்சி. மூன்றாவதை அவர் பெரிய பலமாக நினைத்தார், நியாயமாகவே. புள்ளியில்லாத மெய்யையும், ரகரமா காலா என்று தெரியாத கோட்டையும், குறில் நெடில் பிரிக்காத கொம்பையும் படித்துப் பழகியவருக்கு இருநூற்றைம்பது முன்னூறு ஆண்டுக் காகிதம் எம்மாத்திரம் என்று அவருடைய துறையிலேயே பேசிக்கொண்டார்கள். உதவித்தொகை ஏறத்தாழ ஒன்றரை மாதத்துக்கு. திட்டப்படி ஆறு கோப்புகள்.

முதல் வாரம்: கவனித்தவை

முதல் நாள் மாலை அவர் நெறியாளருக்கு எழுதியது இது: “மேடம், ஃபைல் வந்துடுச்சு. வருஷமும் ‘டிரான்கேபார்’னு ஊர்ப் பேரும் தெரியுது. மத்ததெல்லாம் வெறும் அலை அலையா இருக்கு.”

அலை என்று அவர் சொன்னது மிகச் சரியான வர்ணனை. அந்தக் கையெழுத்துக்குக் குரென்ட் என்று பெயர். கூரிய இறகுப் பேனாவால் மேலும் கீழும் சாய்வாக இழுத்த கோடுகளால் ஆனது. அதில் என் எழுத்து இரண்டு கோடு. இ எழுத்தும் இரண்டு கோடு, சற்றே நெருக்கமாக. யு எழுத்தும் இரண்டு கோடுதான். தலைக்கு மேலே ஒரு சிறு வளைவு போட்டால்தான் அது யு என்று தெரியும். எம் மூன்று கோடு. ஐ ஒரு கோடும் புள்ளியும். ஆக, ஜெர்மனில் அடிக்கடி வரும் ‘ஐனென்’, ‘ஐனெம்’, ‘நென்னென்’ போன்ற சொற்கள் எல்லாம் ஒரே ரம்பப்பல் வரிசையாகத் தெரியும். ஐயின் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் துப்பு. அவசரத்தில் எழுதுபவர் அந்தப் புள்ளியை இரண்டு எழுத்து தள்ளி வைத்துவிட்டுப் போயிருப்பார்.

எஸ் எழுத்துக்கு உருவங்கள் வேறு: சொல்லின் நடுவே நீண்டது, கடைசியில் சுருண்டது. நீண்ட எஸ்ஸுக்கும் எஃப்புக்கும் வித்தியாசம் குறுக்கே ஒரு சிறு கீறல். ஹெச்சுக்கு மேலே ஒரு கண்ணி, கீழே ஒரு கண்ணி. இரண்டும் பக்கத்து வரிகளில் போய் மாட்டிக்கொள்ளும். எம், என் இரட்டித்தால் இரண்டாவதை எழுதுவதில்லை, தலையில் ஒரு கோடு. ‘-என்’ என்று முடியும் சொற்களில் கடைசி ஒரு சுழியாகக் கீழே இறங்கிவிடும்.

இதோடு காகிதத்தின் தொல்லை. மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்துக் காய்ச்சிய மை நாளாக ஆகத் தாளைத் தின்னும். பின்பக்க எழுத்து முன்பக்கம் ஊறித் தெரிந்த இடங்களில் எந்தக் கோடு எந்தப் பக்கத்தது என்பதே தனி ஆராய்ச்சி.

முதல் வாரத்தின் முடிவில் அவர் இன்றைய எழுத்துக்கு முழுதாகப் பெயர்த்தெழுதியது ஒரு பக்கத்துக்கும் குறைவு. அதிலும் பாதிச் சொற்கள் ஊகம்.

பக்கத்து அறையில் தங்கியிருந்த ஜெர்மன் முதுகலை மாணவரிடம் நகலைக் காட்டினார். அந்த மாணவராலும் ஒரு வரி படிக்க முடியவில்லை. இது நம்மூரில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஆனால் அங்கே இயல்பு. குரென்டின் கடைசி வாரிசு ஸ்யூட்டர்லின் என்ற பள்ளிக் கையெழுத்து. 1911-இல் உருவாக்கப்பட்டு, 1915 முதல் பிரஷ்யப் பள்ளிகளில் கற்பிக்கப்பட்டது. 1941-இல் நாஜி அரசு ஓர் ஆணையால் இந்த எழுத்து மரபையே பள்ளியிலிருந்து நீக்கிவிட்டது. அதற்குப் பின் படித்தவர்களுக்குத் தாத்தாவின் கடிதம்கூடப் புரியாத எழுத்துதான். “ஜெர்மன்காரர் யாரையாவது பிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்” என்பது பயணத் திட்டத்தில் எழுதப்படாமல் இருந்த ஒரு நம்பிக்கை. அது இந்த இடத்தில் உடைந்தது. ஆனால் இதே மாணவர்தான் பின்னால் பெரிய உதவியாக இருந்தார், அதற்கு வருகிறேன்.

ஜூலையா, செப்டம்பரா

இரண்டாம் வாரத்தில் ஆய்வாளர் ஒரு கடிதத்தை எடுத்தார். தேதி இருக்கும் வரி தெளிவாக இருந்தது: நாள், அடுத்து 7 என்ற இலக்கம், அதையொட்டிச் சிறியதாக பி, ஆர். ஏழாம் மாதம், ஜூலை என்று குறித்துக்கொண்டார். உள்ளே போனால், ஆகஸ்ட் மாதம் வந்து சேர்ந்த சென்னைக் கடிதத்துக்கு இது பதில் என்று தெரிந்தது. ஆகஸ்டில் வந்த கடிதத்துக்கு ஜூலையில் எப்படிப் பதில் எழுதுவது?

அவர் முதலில் நாட்காட்டியைச் சந்தேகித்தார். டென்மார்க்கும் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் பகுதிகளும் 1700-லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டன. ஆங்கிலேயர் மாறியது 1752-இல். அதுவரை சென்னைத் தேதி தரங்கம்பாடித் தேதியைவிடப் பதினொரு நாள் பின்தங்கியிருக்கும். தமிழ்நாட்டு வரலாற்று மாணவருக்கு இந்த விவரம் தெரிந்திருப்பதே பாராட்டத்தக்கது. ஆனால் பதினொரு நாளைக் கூட்டினாலும் கழித்தாலும் கணக்கு உதைத்தது.

அதே வாசிப்பறையில், பழைய பள்ளிப் பதிவேடுகளில் தன் முன்னோரைத் தேடிக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: அது செப்டம்பர். இலத்தீனில் செப்டெம் என்றால் ஏழு. எனவே 7 போட்டு பி-ஆர் எழுதினால் செப்டம்பர், 8 போட்டால் அக்டோபர், 9 போட்டால் நவம்பர், ரோமன் பத்து போட்டால் டிசம்பர். அந்தக் காலத்து எழுத்தர் எல்லாருக்கும் இது கைப்பழக்கம்.

ஆய்வாளர் அதுவரை எடுத்த குறிப்புகளைத் திரும்பப் புரட்டினார். இப்படி மாதம் குறித்த ஆவணம் எல்லாவற்றுக்கும் இரண்டு மாதம் முன்தேதியிட்டிருந்தார். அது மழைக்கு முந்திய மாதத்துக்கும் அடைமழைக்கும் இடையிலான வித்தியாசம். உபதேசியார்கள் ஊர் ஊராகப் போனார்களா, போக முடியாமல் தரங்கம்பாடியிலேயே உட்கார்ந்திருந்தார்களா என்பதெல்லாம் இதைப் பொறுத்தது. கையெழுத்தை இங்கே அவர் தவறாகப் படிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 7, பி, ஆர் மூன்றும் சரியாகவே படிக்கப்பட்டன. எழுத்து வந்துவிட்டது, வழக்குத் தெரியவில்லை.

அச்சுப்பிரதியைப் பக்கத்தில் வைத்துப் படித்தது

ஓர் ஆறுதல் வழி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. கையெழுத்து நாட்குறிப்பின் அதே நாளுக்குரிய பகுதியை ஹாலே அறிக்கைகளின் மின்படியில் எடுத்து மடிக்கணினியில் வைத்துக்கொள்வது; அச்சில் ஒரு வரி, கையெழுத்தில் ஒரு வரி என்று பொருத்திப் பார்ப்பது. வேகம் கூடியது. ஒரு நாளில் மூன்று பக்கம் ஓடியது. ஆய்வாளர் நிம்மதியாகத் தூங்கிய நாட்கள் இவை என்று பின்னால் சொன்னார்.

இந்தக் கட்டத்தில் அவர் எனக்கு அனுப்பிய பெயர்ப்பு நகல் ஒன்றைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் தட்டியது. கையெழுத்துப் பக்கத்தில் இருந்த வரிகளைவிட அவர் பெயர்த்திருந்த வரிகள் குறைவு. எழுத்துக்கூட்டலும் அச்சுப் பிரதியில் இருப்பது போலவே சீராக இருந்தது. 1730-களில் ஒரே ஆள் ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் இரண்டு விதமாக எழுதுவது சகஜம். அந்தச் சீர் கையெழுத்தில் வராது. அச்சை மூடிவைத்துவிட்டு ஒரு பக்கத்தை வரிக்கு வரி எழுதி அனுப்பச் சொன்னேன்.

வந்த பக்கம் வேறு பக்கமாக இருந்தது. அச்சில் ஒரே வாக்கியமாக ஓடிய இடத்தில் கையெழுத்தில் நடுவே ஐந்தாறு வரி அதிகம். ஓரத்தில் வேறொரு மையில் மேலும் கீழுமாக அடைப்புக் கோடு. ஹாலேயில் யாரோ “இது அச்சுக்கு வேண்டாம்” என்று குறித்த பகுதி என்று கொள்ளத்தான் இடமிருக்கிறது. அந்த ஐந்தாறு வரியைத்தான் ஆய்வாளர் கண் தாண்டிப் போயிருந்தது. ஏனென்றால் பொருத்திப் பார்க்க அச்சில் எதிர்வரி இல்லை. தேடிப் போன பொருளே அந்த வரிகளில்தான் இருந்தது.

ஓலைச்சுவடிப் பழக்கம் இங்கே எதிராக வேலை செய்தது என்பது என் கருத்து. ஆய்வாளர் இதை முழுதாக ஏற்கவில்லை. சுவடியில் நாம் எழுத்தைப் படித்துப் பொருளுக்குப் போவதில்லை. யாப்பும் எதுகையும் அடுத்து வரவேண்டிய சொல்லை முன்கூட்டியே சொல்லிவிடும். கண் அதைச் சரிபார்க்கும், அவ்வளவுதான். தமிழில் நமக்குச் சொல் கையிருப்பு உண்டு, அதனால் அது செல்லும். பி1 ஜெர்மனை வைத்துக்கொண்டு அதே முறையில் இறங்கினால் கையிருப்புக்குப் பதில் பக்கத்தில் இருக்கும் அச்சுப்பிரதிதான் பேசும்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

பாதி நாட்கள் கடந்திருந்த நிலையில் திட்டம் மாற்றப்பட்டது. ஆறு கோப்பு என்பது ஒரு கோப்பாகச் சுருங்கியது. அதிலும் ஒரே கை எழுதிய பகுதி மட்டும். குரென்ட் என்று ஓர் எழுத்து இருப்பதாக நினைப்பதே பாதிச் சிக்கல். ஒவ்வொருவர் கையும் தனி. நாட்குறிப்பை மிஷனரி எழுதியிருப்பார், அதன் நகலை எழுத்தர் எழுதியிருப்பார், கப்பல் மூழ்கினால் என்ன செய்வது என்று இன்னொரு நகலை வேறொருவர் எழுதி வேறு கப்பலில் அனுப்பியிருப்பார். மூன்று கையை ஒரே நாளில் படிக்க முயன்றால் எதுவும் பழகாது.

அடுத்து, அந்த ஒரு கைக்கு எழுத்துப் பட்டியல் தயாரிப்பது. பாடப் புத்தகத்தில் இருக்கும் மாதிரி நெடுங்கணக்கை வைத்து அல்ல, ஐயத்துக்கு இடமில்லாத சொற்களிலிருந்து. அப்படிப்பட்ட சொற்கள் எங்கே கிடைக்கும்? நாட்குறிப்பில் ஒரு அடக்க நிகழ்ச்சிக் குறிப்பில் இருபத்துமூன்றாம் சங்கீதம் என்று எண் போட்டு முதல் வரி எழுதப்பட்டிருந்தது. லூத்தரின் விவிலிய மொழிபெயர்ப்பில் அது ‘டெர் ஹெர் இஸ்ட் மைன் ஹிர்ட்டெ, மியர் விர்ட் நிஷ்ட்ஸ் மாங்கெல்ன்’. உள்ளது இன்னதென்று முன்பே தெரிந்த வரி. அதில் பெரிய ஹெச் இரண்டு முறை வருகிறது. ‘இஸ்ட்’டில் நீண்ட எஸ், ‘நிஷ்ட்ஸ்’ கடைசியில் சுருண்ட எஸ். ‘மைன்’ என்ற சொல் எம், இ, ஐ, என் நான்கும் சேர்ந்த சுத்தமான ரம்பப்பல். எத்தனை கோடு, எங்கே இடைவெளி, புள்ளி எவ்வளவு தள்ளி விழுகிறது என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. இந்தக் கையில் இயின் இரண்டாம் கோடு முதலாவதைவிடக் கொஞ்சம் குட்டை. என்னில் இரண்டும் சமம். இந்த ஒரு விஷயம் தெரிந்ததும் பக்கத்தில் பாதி அலை அடங்கியது என்று குறிப்பேட்டில் இருக்கிறது.

இன்னொரு ஊற்று, அயல்சொற்கள். அக்கால ஜெர்மானியர் இலத்தீன் சொல்லையும் வெளிநாட்டுப் பெயரையும் குரென்டில் எழுதாமல், நமக்குப் பழக்கமான உருண்டை இலத்தீன் எழுத்தில் எழுதுவார்கள். அதனால்தான் முதல் நாளே ‘டிரான்கேபார்’ மட்டும் கண்ணில் பட்டது. உபதேசியாருக்கான ‘கட்டகெட்’ என்ற சொல்லும் அப்படியே. ஆனால் அதைப் பன்மையாக்கும்போது வேர் இலத்தீன் எழுத்திலும் விகுதி குரென்டிலுமாக ஒரே சொல்லில் கை மாறும். மாறுகிற அந்த இடம் பொன்னானது: முன்பாதி உறுதி, பின்பாதி என்னவாக இருக்க முடியும் என்பதும் உறுதி.

ஓய்வுபெற்ற ஆசிரியர் சொன்ன யோசனைப்படி ஆய்வாளர் தினமும் காலையில் வாசிப்பறை திறக்கும் முன் குரென்டைக் கையால் எழுதிப் பழகினார். சிறுபிள்ளைத்தனமாகப் பட்டாலும் செய்தார். பேனா எங்கே தொடங்கி எங்கே தூக்கப்படுகிறது என்பது கைக்குத் தெரிந்தால் கண்ணுக்கும் தெரியும்.

எல்லாவற்றிலும் பயன்பட்டது இன்னொன்று. படிக்க முடியாத சொல்லுக்கு ஒரே கேள்விக்குறி போடுவதை நிறுத்திவிட்டு இரண்டு வகைக் குறி வைக்கச் சொன்னேன். எழுத்தே தெரியவில்லை என்றால் ஒரு குறி. எழுத்தெல்லாம் தெரிகிறது, ஆனால் அப்படி ஒரு சொல் இருப்பதாகத் தெரியவில்லை என்றால் வேறொரு குறி. இரண்டும் வேறு நோய், மருந்தும் வேறு. முதலாவதற்கு எழுத்துப் பட்டியலும் அதே கையின் வேறு பக்கங்களும் உதவும். இரண்டாவதற்கு அகராதியும் மொழி தெரிந்த ஆளும் வேண்டும். ஜெர்மன் எழுத்துக்கூட்டல் நாடு முழுதும் ஒருமுகப்பட்டது 1901-க்குப் பிறகுதான். அதற்கு முன் ஐ வரவேண்டிய இடத்தில் ஒய், டி வரவேண்டிய இடத்தில் டி-ஹெச் என்று அவரவர் பாணி. கிரிம் சகோதரர்கள் தொடங்கிய பெரிய அகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதால் பல சொற்கள் அங்கேயே தீர்ந்தன.

எண்ணிப் பார்த்ததில், கேள்விக்குறிகளில் ஏறத்தாழ பாதி இரண்டாம் வகை. அதாவது ஆய்வாளர் அந்தச் சொற்களைச் சரியாகப் படித்திருந்தார். ஆனால் தெரியாத சொல்லாக இருந்ததால் தான் தப்பாகப் படித்ததாக நினைத்துத் திரும்பத் திரும்ப எழுத்தை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேதான் பக்கத்து அறை மாணவர் வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது, மொழி தெரியும். ஆய்வாளர் மாலையில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, அவர் சத்தமாகச் சேர்த்து வாசிப்பார். பழைய கூட்டலில் விசித்திரமாகத் தெரிந்த சொல் காதில் விழுந்ததும் அவருக்குப் புரிந்துவிடும். தமிழ் ஊர்ப்பெயர் வந்தால் முறை மாறும். மாணவர் விழிப்பார், ஆய்வாளர் சொல்வார்: அது பொறையாறு, இது திருக்கடையூர்.

இயந்திர வாசிப்பு

டிரான்ஸ்கிரிபஸ் என்ற மென்பொருளைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகம் என்பதால் தனியாகச் சொல்கிறேன். இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தைச் சுற்றி ஐரோப்பியத் திட்டங்களில் வளர்ந்து, 2019 முதல் ஒரு கூட்டுறவு அமைப்பால் நடத்தப்படுவது. குரென்டுக்கு ஆயத்த மாதிரிகள் அதில் உண்டு. நமக்கு வேண்டிய கைக்கு நாமே மாதிரி பயிற்றவும் முடியும்; அதற்கு ஐயாயிரம் முதல் பதினைந்தாயிரம் சொல் வரை கையால் பெயர்த்த பாடம் தேவைப்படும். ஆய்வாளரிடம் அவ்வளவு இல்லாததால் ஆயத்த மாதிரியிலேயே சில பக்கங்களை ஓட்டிப் பார்த்தார்.

சாதாரண ஜெர்மன் வாக்கியங்களில் அது அவரைவிட நன்றாகவே படித்தது. தமிழ்ப் பெயர்களில் சறுக்கியது. சறுக்கிய இடத்தில் இடைவெளி விடாமல், ஜெர்மன் சொல் போலவே ஒன்றை நிரப்பிவிட்டுப் போனது. ஊர்ப்பெயர் ஒன்று வினைச்சொல்லாகியிருந்தது. வாக்கியம் இலக்கணப்படி சரி, பொருள்தான் இல்லை. அச்சுப்பிரதியில் நடந்த அதே விபத்து என்பதால் ஒரு விதி வைத்துக்கொள்ளப்பட்டது: கையால் பெயர்த்து முடித்த பக்கத்தையே இயந்திரத்துக்குக் கொடுப்பது, இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் மூலத்தில் மறுபடி பார்ப்பது. பார்த்தவற்றில் சில இடங்களில் இயந்திரமே சரியாக இருந்தது, குறிப்பாக வால்போல் இறங்கும் ‘-என்’ விகுதிகளில்.

தொடர்ந்து நடந்தவை

கடைசி இரண்டு வாரங்களில் வேகம் நாளுக்கு நான்கைந்து பக்கமாக உயர்ந்தது. அச்சில் இல்லாத, ஓரத்தில் அடைப்புக் கோடிட்ட பகுதிகள் அந்தக் கோப்பில் தனியாகத் தொகுக்கப்பட்டன. அவற்றில் கணிசமானவை உபதேசியார்களின் படி, சம்பளம், பயணச் செலவு பற்றியவை. ஆய்வேட்டின் ஒரு இயல் இவற்றின் மேல்தான் நிற்கிறது.

வாசிப்பறை நேரம் எதற்கு என்பதிலும் ஒரு தெளிவு வந்தது. நல்ல வெளிச்சத்தில் எடுத்த மின்படியில் படிக்க முடிகிற பக்கங்களை அங்கே உட்கார்ந்து படிப்பது வீண். அவற்றுக்குப் படி எடுக்க விண்ணப்பித்துவிட்டு, மை ஊறிய பக்கம், தையலுக்குள் மறையும் வரி முடிவு, அழித்தெழுதிய இடம் ஆகியவற்றுக்கு மட்டும் மூலத்தைக் கேட்டு வாங்கினார். தாளைச் சற்றே சாய்த்துப் பார்த்தால் இறகு அழுத்திய பள்ளம் தெரியும். படத்தில் அது வராது.

ஒரு தொகையில் பெரிய பிழை கடைசி நேரத்தில் தப்பியது. எழுத்தால் எழுதிய ஒரு எண்ணை ‘டிரிட்ஹால்ப்’ என்று சரியாகப் படித்து, மூன்றரை என்று குறித்து வைத்திருந்தார். பழைய வழக்கில் அது “மூன்றாவது பாதி”, அதாவது இரண்டு முழுதும் மூன்றாவதில் பாதியும், இரண்டரை. இரண்டாம் வகைக் குறி போட்டிருந்ததால் அந்தச் சொல் அகராதிக்குப் போயிற்று, பிழை பிடிபட்டது. மூன்றரை என்றே விட்டிருந்தால், அந்த ஆளுக்குச் சம்பளம் உயர்த்தப்பட்டதாக ஆய்வேடு சொல்லியிருக்கும்; உண்மையில் உயரவில்லை.

தீராதவையும் உண்டு. தஞ்சைப் பகுதியிலிருந்து வந்த ஒரு செய்தியைப் பற்றிய பத்தியில் மூன்று வரிகள் மையால் அரிக்கப்பட்டுப் போயுள்ளன. மூன்று பேர் பார்த்தும் ஒத்துப்போகவில்லை. ஆய்வாளர் அந்த வரிகளை வெற்றிடமாகவே பின்னிணைப்பில் கொடுக்கப் போகிறார். பார்த்தவர்களில் ஒருவர் “ஊகித்த பாடத்தையாவது போடலாமே” என்றார். ஊகத்தை அடைப்புக்குறிக்குள் போட்டாலும் அடுத்த நூலில் அடைப்புக்குறி காணாமல் போய்விடும் என்பதால் போடவில்லை. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

குரென்டைக் கற்க ஜெர்மனி போக வேண்டியதில்லை. பவேரிய மாநில ஆவணக்காப்பகங்களும் சூரிக் பல்கலைக்கழகமும் இணையவழிப் பயிற்சிப் பக்கங்களை வைத்திருக்கின்றன. ஹாலே ஆவணங்களுக்கு இணையப் பட்டியலில் பொருட்சுருக்கமும் கிடைக்கிறது. என்ன எழுதியிருக்கிறது என்று முன்பே ஓரளவு தெரிந்துகொண்டு பக்கத்தைத் திறப்பது வேறு, வெறுமனே திறப்பது வேறு. ஆனால் இதுவும் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் இன்னொரு அச்சுப்பிரதிதான். எதைத் தேடுவது என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்த வேண்டும்.

கிளம்புவதற்கு ஐந்தாறு மாதம் முன்பே காப்பகத்துக்கு எழுதி, தான் பார்க்கப் போகும் ஒவ்வொரு கையிலும் ஒரு பக்கத்துக்குப் படி கேட்டு வாங்கியிருக்கலாம். ஊரில் இருந்தபடியே எழுத்துப் பட்டியல் தயாராகியிருக்கும். உதவித்தொகைக்கான விண்ணப்பத்தில் மொழித் தகுதியைக் கேட்கிறார்கள், எழுத்துத் தகுதியைக் கேட்பதில்லை. நெறியாளர்களாவது கேட்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களில் ஐரோப்பிய மூலங்களை வைத்து ஆய்வு செய்பவர்களுக்கு ஓலைச்சுவடிப் பயிற்சிக்கு இருப்பது போல் ஒரு குறுகிய கால வகுப்பு இருந்தால் போதும். கற்பிக்க ஆள் கிடைக்காது என்பார்கள். ஒரு கையைப் படித்துத் தேறியவர் இப்போது ஒருவர் இருக்கிறார். அவருடைய பட்டியல் ஏற்கெனவே அதே துறையில் இன்னொரு மாணவரிடம் போயிருக்கிறது.

ஆறில் மிஞ்சிய ஐந்து கோப்புகளுக்காக ஆய்வாளர் மறுபடி விண்ணப்பித்திருக்கிறார். இந்த முறை கேட்டிருப்பது இரண்டு கோப்பு. இரண்டும் ஒரே எழுத்தர் எழுதியவை, மாதிரிப் பக்கம் கையில் வந்துவிட்டது. அந்தக் கையில் யுவுக்கு மேல் வளைவே போடுவதில்லை என்பதால் முதல் வாரம் முழுவதையும் பட்டியலுக்கே ஒதுக்கியிருக்கிறார்.